பத்துப் பன்னிரண்டு பவுண்டுக்கு ஒரு மால்பெக்: எதைப் பார்த்து எடுப்பது?

சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு நாலு பேர் சாப்பிட வருகிறார்கள், அதில் ஒருவருக்கு மால்பெக் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் என்றால் உயிர். லண்டனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் ஒயின் அலமாரி முன்னால் நீங்கள் நிற்கிறீர்கள். 6 பவுண்டில் தொடங்கி 30 பவுண்டு வரை வரிசையாக மால்பெக், முக்கால்வாசி லேபிளில் ஒரு பனிமலை, பாதிக்குத் தங்க மெடல் ஸ்டிக்கர் வேறு. பத்துப் பன்னிரண்டு பவுண்டுக்கு மேல் காசும் கரையக் கூடாது, வந்தவர் முன்னால் மானமும் போகக் கூடாது, எதைப் பார்த்து எடுப்பது, மெடலை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்த வரையில் நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான்: கொடுக்கிற காசில் எவ்வளவு பாட்டிலுக்குள் போகிறது, எவ்வளவு வெளியிலேயே நின்றுவிடுகிறது? இதில் பாதியை லேபிளைப் படிக்காமலே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். மீதிப் பாதிக்குத்தான் பாட்டிலைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பதினாறு வருடமாக இங்கே ஒரு சின்ன ஒயின் கடையில் வேலை. அதற்கு முன் ஒரு ரெஸ்டாரண்டில் தட்டு கழுவி, பிறகு பரிமாறி, அப்புறம் ஒயின் வாங்கி வைக்கும் பொறுப்புக்கு வந்தவன். நடுவில் டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் படிப்பின் மூன்றாம் நிலைப் பரீட்சை எழுதித் தேறினேன், அறுவடைச் சமயத்தில் ஒருமுறை எட்டு நாள் அர்ஜென்டினாவின் மால்பெக் பிரதேசமான மெண்டோசா போய் வந்தேன், அவ்வளவுதான் என் தகுதி. ஒரு சாய்வும் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஓக் மரப் பீப்பாயிலிருந்து ஏறுகிற வெனிலா மணம் தூக்கலாக இருக்கிற ஒயின் எனக்குப் பிடிக்காது. உங்கள் நண்பருக்குப் பிடிக்கலாம். அப்படியென்றால் கீழே சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்கு. பிரிட்டனில் விற்கிற ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு வரி இருக்கிறது. ஒன்று மதுவரி, 2025 பிப்ரவரியிலிருந்து இது ஆல்கஹால் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற மாதிரி வருகிறது, அந்த மாதத்து விகிதத்தில் 13.5 சதவீத ஒயினுக்கு பாட்டிலுக்கு ஏறக்குறைய 3 பவுண்டு. ஒயின் மட்டமா உசத்தியா என்று இந்த வரி பார்ப்பதில்லை, 6 பவுண்டு பாட்டிலுக்கும் 60 பவுண்டு பாட்டிலுக்கும் அதே 3 பவுண்டுதான். இன்னொன்று 20 சதவீத வாட். இப்போது 6 பவுண்டு பாட்டிலை எடுங்கள்: வாட் 1 பவுண்டு, மதுவரி 3 பவுண்டு, மிச்சம் 2 பவுண்டு. அந்த 2 பவுண்டுக்குள்தான் கடைக்காரர் லாபம், அர்ஜென்டினாவிலிருந்து கப்பல் செலவு, கண்ணாடி, மூடி, லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். திராட்சை விளைவித்தவருக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 12 பவுண்டு பாட்டிலில் வாட் 2 பவுண்டு, மதுவரி அதே 3, மிச்சம் 7 பவுண்டு. விலை இரண்டு மடங்குதான் ஏறியது, வரி போக நின்ற காசு மூன்றரை மடங்கு ஏறிவிட்டது. 12-லிருந்து 24-க்குப் போனால் இந்தத் தாவல் இல்லை, 7 என்பது 17 ஆகிறது, இரண்டரை மடங்கு கூட இல்லை. அதற்கு மேல் போகப் போக இந்த அனுகூலம் தேய்ந்துகொண்டே வரும். ஆகவே பத்து, பன்னிரண்டு பவுண்டு என்று நீங்கள் வைத்த வரம்பு தற்செயலாகவே சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. 6 பவுண்டுக்கு வாங்கி மிச்சம் பிடிப்பதாக நினைக்காதீர்கள், அங்கே நீங்கள் முக்கால்வாசி வாங்குவது வரியும் கண்ணாடியும்தான்.

இந்தக் கணக்கில் சந்தேகமே இல்லை, ஆனால் செலவழித்த காசு ருசியாக மாறியே தீரும் என்று அது சொல்லவில்லை. இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். கடை மூடிய பிறகு ஒருநாள் கூட வேலை பார்க்கும் பெண் ஐந்து மால்பெக்கைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வரிசையாக வைத்து, 'எது உசத்தி என்று அடுக்குங்கள் பார்க்கலாம்' என்றாள். நான் ரொம்ப நிதானமாக முகர்ந்து, கொப்பளித்துத் துப்பி, 11 பவுண்டு பாட்டிலை முதலாவதாகவும் 26 பவுண்டு பாட்டிலை நாலாவதாகவும் வைத்தேன். அந்த 26 பவுண்டு ஒயின் மோசமில்லை, புது ஓக் பீப்பாயில் கிடந்து வந்தது, இன்னும் நாலைந்து வருடம் ஊறியிருக்க வேண்டியது. ஆனால் அன்றைக்கு, அந்த மேசையில், அது வாயைப் பிடித்து இறுக்கியது. 6 பவுண்டு பாட்டிலைக் கடைசியில் வைத்தேன், அது மட்டும் சரியாக இருந்தது. பிறகும் பலமுறை இப்படிச் செய்து பார்த்திருக்கிறோம், அநேகமாக இதே மாதிரிதான் வரும்: அடித்தட்டை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள், நடுத்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் உள்ள எல்லைதான் குழம்பும்.

அடுத்தது ஊர். மால்பெக் பிறந்தது தென்மேற்குப் பிரான்ஸில், அங்கே அதற்குக் கோ என்று இன்னொரு பெயரும் உண்டு. 1853-இல் மிஷேல் புஷே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் பண்ணைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியபோது, கொண்டுபோன பிரெஞ்சுக் கொடிகளில் மால்பெக்கும் ஒன்று. பிரான்ஸில் அது பனிக்கும் மழைக்கும் அடிபட்டுக்கொண்டே இருந்த கொடி; 1956-இல் வந்த கடும் பனியில் போர்தோ பக்கம் நிறைய மால்பெக் செத்துப்போய், திரும்ப நட்டவர்கள் வேறு வகைக்கு மாறிவிட்டார்கள். மெண்டோசாவிலோ நிலைமையே வேறு. ஆண்டிஸ் மலை மழையை மறைத்துவிடுவதால் அது கிட்டத்தட்ட பாலைவனம், வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் மழை. உருகி வரும் பனிநீரை வாய்க்காலில் திருப்பித்தான் விவசாயம், ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே உவார்ப்பே மக்கள் இப்படி வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். நான் போனபோது மெண்டோசா நகரத் தெருவோரங்களில் கூட அந்த வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் நிழல்மரம். ஈரமில்லாத காற்றில் பூஞ்சை பிடிக்காது, பகலில் வெயில் பழுக்க வைக்கும், ராத்திரிக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். ஆலங்கட்டி மழைதான் பெரிய எதிரி, பல தோட்டங்களில் கொடி வரிசை மேல் வலை போட்டிருப்பார்கள்.

உங்களுக்கு இதில் என்ன லாபம் என்றால், லேபிளில் உயரத்தைப் படிக்கலாம். மெண்டோசா நகரத்துக்குக் கிழக்கே சான் மார்ட்டின், ரிவதாவியா பக்கம் நிலம் தாழ்வு, 600, 700 மீட்டர்தான், வெக்கை அதிகம், நிறையக் காய்க்கும். மலிவு ஒயினுக்குப் பெருமளவு திராட்சை அங்கேதான் விளைகிறது. நகரத்துக்குத் தெற்கே லுஹான் தே கூயோ, 900-லிருந்து 1100 மீட்டர் சொச்சம், மால்பெக்கின் பழைய வீடு. அங்கிருந்து வருகிற ஒயின் பெரும்பாலும் உருண்டு திரண்டு, நாவல்பழமும் பிளம்ஸும் கலந்த மாதிரி மெத்தென்று இருக்கும். இன்னும் தென்மேற்கே மலையடிவாரத்தில் ஊகோ பள்ளத்தாக்கு, 1500 மீட்டர் வரை ஏறும். துபுங்காத்தோ, துனுயான், சான் கார்லோஸ் என்பவை அதன் மூன்று வட்டாரங்கள். அவற்றுக்குள் குவால்தல்லாரி, லா கோன்சுல்தா, பராஹே அல்தமீரா என்று சின்ன ஊர்ப் பெயர்கள் வரும். அந்தப் பக்கத்து ஒயினில் புளிப்பு தெளிவாக நிற்கும், ஒரு பூ வாசனை இருக்கும், குடித்து முடித்த பிறகும் வாய் சுத்தமாக இருக்கும். வடக்கே சால்ட்டா மாகாணத்தில் காஃபயாத்தே இன்னும் உயரம், 1700 மீட்டர் அளவில், நிறமும் சூடும் தூக்கலாக இருக்கும்.

அதனால் நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற வழி ஒன்றுதான். 'அர்ஜென்டினா' என்று மட்டும் போட்டிருந்தால் அது எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். 'மெண்டோசா' என்றால் ஒரு படி மேல், ஆனால் அந்தத் தாழ்நிலமும் மெண்டோசா மாகாணம்தான். 'லுஹான் தே கூயோ' அல்லது 'ஊகோ பள்ளத்தாக்கு' என்று போட்டிருந்தால், தங்கள் திராட்சை எங்கே விளைந்தது என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது என்று அர்த்தம். 10, 12 பவுண்டுக்கு இந்தப் பெயர்களோடு பாட்டில் கிடைக்கும், தேடினால் கிடைக்கும். அதற்கும் உள்ளே போய் ஒரே கிராமத்தின் பெயர் உள்ள ஒயின் இந்த விலைக்கு அபூர்வம், கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

உயரம் அதிகமானால் ஒயின் சிறந்ததாகிவிடும் என்று பாட்டிலின் பின்பக்கம் எழுதுவார்கள், அதை அப்படியே விழுங்க வேண்டாம். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல் குளிர்கிறது என்பது நிச்சயம், குளிரில் புளிப்பு தங்கும் என்பதும் நிச்சயம். ஆனால் 1400 மீட்டரில் அளவுக்கு மீறிக் காய்க்கவிட்ட கொடியை விட 950 மீட்டரில் ஒழுங்காகக் கவாத்து செய்த பழைய கொடி நல்ல ஒயின் தரும், இதைப் பலமுறை குடித்துப் பார்த்தவன் நான். 'கல்லின் ருசி', 'மண்ணின் தாது' என்றெல்லாம் எழுதுவது என்னைக் கேட்டால் கவிதை. பாறையில் இருக்கிறது வேர் வழியாக ஏறி நாக்குக்கு வருகிறது என்று நிரூபித்தவர்கள் யாரும் இல்லை.

இப்போது நீங்கள் கேட்ட மெடல். கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்ஸன் என்று ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர், சொந்தமாக ஒயின் ஆலையும் வைத்திருந்தவர், அந்த மாநிலத்துப் பெரிய போட்டி ஒன்றின் நடுவர்களிடம் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை அவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்தார். 2008-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். மூன்று முறையும் ஒரே மெடல் தரத்துக்குள் மார்க் போட்டவர்கள் பத்தில் ஒரு பங்கு நடுவர்கள்தான். நடுவர்கள் முட்டாள்கள் என்று நான் இதைச் சொல்லவில்லை, ஒரு நாளைக்கு நூறு ஒயின் ருசித்தால் எந்த நாக்கும் தடுமாறும். மெடலைப் பார்த்தால் இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள்: எந்தப் போட்டி என்று பெயர் போட்டிருக்கிறதா, பாட்டிலில் உள்ள அதே அறுவடை வருடத்து ஒயினுக்குத்தான் அந்த மெடல் கிடைத்ததா. போன வருட ஒயினின் மெடலைச் சொல்லி இந்த வருட ஒயினை விற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

'ரிசர்வா' என்ற சொல் அவ்வளவு வெறுமையானதல்ல. அர்ஜென்டினா சட்டப்படி சிவப்பு ஒயின் ரிசர்வா என்றால் குறைந்தது 12 மாதம் வைத்து முதிர்த்திருக்க வேண்டும், கிரான் ரிசர்வா என்றால் 24 மாதம். ஆனால் காலம் மட்டும் தரம் ஆகிவிடாது, வலுவில்லாத ஒயினைப் பீப்பாயில் போட்டு வைத்தால் மரத்தின் ருசிதான் வரும். மால்பெக் என்று பெயர் போட வேண்டுமானால் அங்கே 85 சதவீதம் அந்தத் திராட்சை இருந்தாக வேண்டும், அதனால் கொஞ்சம் வேறு வகை கலந்திருக்கிறது என்று பின்பக்கம் படித்தால் பயப்பட வேண்டாம். 'பழைய கொடி' என்பது மட்டும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அப்புறம் பாட்டிலின் கனம். கையில் எடுத்ததும் இரும்புக் குண்டு மாதிரி கனக்கிற பாட்டிலும் அடியில் கட்டைவிரல் முழுசாகப் போகிற குழியும் அர்ஜென்டினா மால்பெக்கில் சர்வசாதாரணம். அந்தக் கண்ணாடிக்கும் அதைக் கப்பலில் ஏற்றியதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். 12 பவுண்டு ஒயினில் எனக்கு லேசான பாட்டில்தான் பிடிக்கும். மூடி திருகு மூடியா கார்க்கா என்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், சனிக்கிழமையே குடித்துவிடப் போகிற ஒயினுக்குத் திருகு மூடி இன்னும் நல்லது.

வருடத்தைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. பாலைவனத்தில் வாய்க்கால் நீரில் வளர்கிற கொடி, போர்தோ மாதிரி வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறுவதில்லை. 2016 மாதிரி குளிர்ந்து நனைந்த வருடங்கள் விதிவிலக்கு. இந்த விலைக்கு இரண்டு, மூன்று வயது ஒயினை எடுங்கள். 12 பவுண்டு மால்பெக் ஆறு வருடம் கடை அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் நின்றிருந்தால் அது முதிரவில்லை, வாடியிருக்கிறது.

பெயர் சொல்லாமல் முடித்தால் அடிக்க வருவீர்கள். நோர்ட்டன், த்ரபிச்சே, சுக்கார்தி, கத்தேனாவின் அலாமோஸ், இவையெல்லாம் இங்கே பரவலாகக் கிடைக்கும் ஆலைகள், பெரிய அளவில் செய்தாலும் ஏமாற்றாதவை. கத்தேனா குடும்பத்துக்கு இந்தத் திராட்சை ரொம்பவே கடன்பட்டிருக்கிறது. மால்பெக் தோட்டங்களைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது, 1980-களின் தொடக்கத்தில் நிக்கோலஸ் கத்தேனா கலிபோர்னியாவில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்து, அர்ஜென்டினாவிலும் உயர்ந்த ஒயின் செய்ய முடியும் என்று இறங்கினார். 1990-களில் மலைக்கு மேலே குவால்தல்லாரியில் நட்டுப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். பெரிய கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கிற மால்பெக்கையும் தள்ளிவிடாதீர்கள், பின்பக்கம் சின்ன எழுத்தில் தயாரித்தவர் பெயர் இருக்கும், சில சமயம் அது பக்கத்து வரிசையில் மூன்று பவுண்டு கூட வைத்து விற்கிற அதே ஆலையாக இருக்கும். ஆனால் '14 பவுண்டு, இந்த வாரம் 7' என்ற சிவப்பு அட்டையைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். அந்த 14 பவுண்டுக்கு அதை யார் வாங்கினார்கள் என்று யோசியுங்கள். அநேகமாக அது 7 பவுண்டுக்கென்றே செய்த ஒயின்.

நண்பர் மால்பெக்கில் ஊறியவர் என்றால் அவரைக் கொஞ்சம் ஆச்சரியப்படுத்தவும் முடியும். தாயகமான பிரான்ஸில் கஹோர் என்ற ஊரின் பெயரில் வருகிற ஒயினில் குறைந்தது 70 சதவீதம் மால்பெக் இருக்க வேண்டும், முன்பு அதைக் கறுப்பு ஒயின் என்றே சொல்வார்கள். முன்பக்கத்தில் பல சமயம் மால்பெக் என்ற பெயரே பெரிதாக இருக்காது, அதனால் கேட்பவர் குறைவு, விலையும் நியாயமாக இருக்கும். ஆனால் அது மெத்தென்று இருக்காது. பால் ஊற்றாத கடுந்தேநீர் நாக்கைப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. ஒரு மணிநேரம் முன்னால் ஒரு ஜாடியில் ஊற்றி வைத்தால் கொஞ்சம் இறங்கும். காசு இன்னும் குறைய வேண்டுமானால் அர்ஜென்டினாவின் போனார்தாவைப் பாருங்கள், சிவப்புத் திராட்சையில் அங்கே மால்பெக்குக்கு அடுத்தபடியாக விளைவது அதுதான், பிரபலம் இல்லாததால் 9 பவுண்டுக்கே நல்லது கிடைத்துவிடும்.

மட்டன் சுக்கா செய்யப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள், கடைசியில் முடிவு செய்வது அதுதான். அர்ஜென்டினாவில் இந்த ஒயினைக் கரிநெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சியோடு குடிப்பார்கள், உப்பைத் தவிர பெரிதாக ஒன்றும் போடமாட்டார்கள். கொழுப்பும் உப்பும் ஒயினின் துவர்ப்பை அடக்கும். மிளகாய் அதற்கு நேர் எதிர், துவர்ப்பைத் தூக்கிக் காட்டும், ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலை இன்னும் ஏற்றிவிடும். ஆகவே உங்கள் மேசைக்குக் கஹோரும் வேண்டாம், 14.5 சதவீதத்தில் ஓக் மணக்கிற கிரான் ரிசர்வாவும் வேண்டாம். 13.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிற, பீப்பாயில் அதிகம் கிடக்காத, ஊகோ பள்ளத்தாக்கு என்று போட்ட ஒன்றைத் தேடுங்கள். மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டினால் இரண்டும் ஒத்துப்போகும், கறிவேப்பிலையும் பெருஞ்சீரகமும் மால்பெக்கோடு சண்டை போடாது, இது என் வீட்டு அனுபவம், அதற்கு மேல் எந்த ஆதாரமும் கேட்காதீர்கள்.

ஊற்றுவதற்கு அரைமணி முன்னால் பாட்டிலை ஃபிரிட்ஜில் வையுங்கள், இதை மட்டும் தயவுசெய்து செய்யுங்கள். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்று சொன்னவர்களின் அறையில் ஹீட்டர் கிடையாது. 16, 17 டிகிரியில் அதே 11 பவுண்டு மால்பெக் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள், 23 டிகிரியில் அது சூடான இருமல் மருந்து. மிச்சம் இருந்தால் மூடி ஃபிரிட்ஜிலேயே வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடலாம். திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால், கார்க் கெட்டுப்போன பாட்டில் அது, உங்கள் தேர்வின் தப்பு இல்லை, மூடியோடு கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். அதனால் விருந்து முடிகிற வரை ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.